எய்தவன் இல்லாத அம்பு

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்னும் பழமொழி, வினைக்குப் பொறுப்பாளி யார் என்ற பழங்கேள்விக்குத் தமிழ் மக்கள் அன்றாடப் பேச்சிலேயே கண்டுவைத்திருக்கும் விடையாகும். எய்பவன் ஒருவன் இல்லாமல் அம்பு ஒருபோதும் புறப்படாது என்ற நம்பிக்கை அந்த விடைக்குள் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. வில்லைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கையில் பிழையில்லை. நாணை இழுத்துப் பிடித்திருப்பது எய்பவனின் கையே ஆதலால், ஆற்றலைத் தேக்குவதும் அதை விடுவிப்பதும் ஒரே உடம்பின் செயல்களாக அமைந்துவிடுகின்றன. இரட்டைக்குழல் துப்பாக்கியில் நிலைமை வேறு. அங்கே ஆற்றல் ஓர் எஃகு ஸ்பிரிங்கிலும் தோட்டாவின் மருந்திலும் தேங்கிக் கிடக்க, அதைப் பிடித்து நிறுத்தும் வேலை விரலிடமிருந்து பறிக்கப்பட்டு, அரிசிமணி அகலமே உள்ள ஓர் இரும்பு விளிம்பிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அந்த விளிம்பு தேய்ந்துபோனால், எவரும் எய்யாமலே அம்பு புறப்பட்டுவிடும். அப்போது நோகத்தக்கவர் யார், அந்தத் தேய்மானத்தைக் கண்டறிந்து சீர்செய்யும் தொழிலாளிக்கு அந்த வினையில் பங்கு உண்டா, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட மரபில் கொல்லும் கருவியைச் செப்பனிடுவதற்கு என்ன இடம் என்னும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு இடைவெளியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இக்கேள்விகள் புதியவை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணமே ஒரு வேட்டையில்தான் தொடங்குகிறது. மல்லி என்ற வேடர்குலத் தலைவிக்கு வில்லி, கண்டன் என இரு மக்கள். வேட்டைக்குச் சென்ற இடத்தில் கண்டனைப் புலி கொன்றுவிட, தம்பியைத் தேடிக் களைத்த வில்லி உறங்கியபோது இறைவன் கனவில் தோன்றி நடந்ததை உணர்த்த, காடு திருத்தி அவன் எழுப்பிய ஊரே வில்லிபுத்தூர் என்பது அந்தப் புராணம். வேட்டையாடப் போனவன் வேட்டையாடப்பட்டான் என்ற துயரத்தின்மேல் எழுந்த அந்த ஊரை ஒட்டிய காடுகள் 1988-இல் சாம்பல் நிற மலை அணிலுக்கான சரணாலயமாகவும், 2021-இல் மேகமலையோடு சேர்த்து ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. கண்டனைக் கொன்ற புலிக்கே காடு மீண்டும் எழுதிவைக்கப்பட்டது போன்ற இந்த நிகழ்வுக்குத் தலபுராணத்தை அறிந்தவர் நெஞ்சில் தனிப்பொருள் உண்டு. ராஜபாளையமோ, வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டு காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்ற தன் நாயினத்தால் அறியப்படுவது; 2005-இல் இந்திய அஞ்சல் துறை அந்த நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை படிப்படியாக முடிந்தது. முறையான உரிமத்தோடு தற்காப்புக்கும் பயிர்க்காவலுக்கும் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி மட்டும் எஞ்சியது. மாந்தோப்பையும் தென்னந்தோப்பையும் உழும் காட்டுப்பன்றியின் மீதுகூட உழவர் தாமாகச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டின் எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பும் வனத்துறையிடமே விடப்பட்டுள்ளது. ஆகவே அடிவார ஊர்களில் உரிமத்துப்பாக்கி பெரும்பாலும் சும்மாவே கிடக்கிறது. தேர்தல் அறிவிக்கப்பட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, வாரக்கணக்கில் அங்கே சாய்த்து வைக்கப்பட்டு, பிறகு வீடு திரும்புகிறது. சுடாத துப்பாக்கிக்குப் பழுது வராது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் விசைப்பொறியைக் கெடுப்பதில் ஓயாத பயன்பாட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று நெடுநாள் கிடப்பு.

அந்தப் பொறியின் அமைப்பை அறியாமல் மேலே சொன்ன கேள்விகளை ஆராய்வது வீண். பர்மிங்காம் நகரில் ஆன்சன், டீலி என்னும் இருவர் 1875-இல் வகுத்த அமைப்பே உலகெங்கும் பல இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு இன்றும் அடிப்படை. குழல்களைக் கீழ்நோக்கி மடக்கும்போது உள்ளிருக்கும் நெம்புகோல்கள் இரு ‘குதிரை’களைப் பின்னுக்குத் தள்ளுகின்றன, குதிரை என்பது தோட்டாவின் அடியை ஊசிமுனையால் அடிக்கும் சுத்திக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பெயர். பின்னுக்குப் போன குதிரையை ஒரு வலிய ஸ்பிரிங் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அது பாய்ந்துவிடாதபடி தடுப்பது ‘சியர்’ எனப்படும் சிறு நெம்புகோல்; அதன் மூக்கு குதிரையின் உடலில் வெட்டப்பட்ட மிகச் சிறிய படி ஒன்றில் பதிந்து நிற்கிறது. சியரின் வால் பின்னே நீண்டிருக்கும். விரல் இழுக்கும் விசையின் தகடு அந்த வாலை மேலே தூக்க, மூக்கு படியிலிருந்து வழுகி விலக, குதிரை பாய்கிறது. குழலுக்கு ஒன்றாகக் குதிரை, ஸ்பிரிங், சியர் மூன்றும் இரட்டையாக இருக்கின்றன. பழைய அமைப்பில் விசையும் இரண்டு, முன்விசை வலக்குழலுக்கும் பின்விசை இடக்குழலுக்கும் உரியவை. ‘சேஃப்டி’ என்னும் காப்புப்பொத்தான் பெரும்பாலான துப்பாக்கிகளில் விசையை மட்டுமே பூட்டுகிறது, குதிரையைப் பூட்டுவதில்லை என்பதை உடையவர்களில் பலர் அறிவதில்லை. மூக்கும் படியும் தேய்ந்திருந்தால், காப்பு போட்ட துப்பாக்கி கைதவறித் தரையில் விழும் அதிர்ச்சியிலேயே குதிரை பாய்ந்துவிடலாம். விலையுயர்ந்த சில துப்பாக்கிகளில், தானாகப் பாயும் குதிரையை நடுவழியில் மறிக்கும் இரண்டாவது சியர் ஒன்று இதற்காகவே பொருத்தப்படுகிறது.

ஒரு விசையை இழுக்க இரு குழல்களும் வெடிப்பது இப்பொறியின் நன்கறியப்பட்ட நோய். காரணம் பல இடங்களில் ஒளிந்திருக்கலாம். சியரின் மூக்கு தேய்ந்து வட்டமாகியிருந்தால், முதல் குண்டின் உதைப்பிலேயே இரண்டாம் குதிரை நழுவும். பழைய எண்ணெய் பிசினாக இறுகித் தூசியைப் பிடித்திருந்தால், மூக்கு படிக்குள் முழுதாக இறங்காமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். சியரைத் தள்ளும் சிறு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கட்டையின் மரம் காய்ந்து சுருங்கி, ஆணிகள் மேலும் முறுக்கப்பட்டிருந்தால், விசைத்தகட்டுக்கும் சியரின் வாலுக்கும் இடையே இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளி மறைந்து, எவர் விரலும் படாமலே விசை பாதி இழுபட்ட நிலையில் நிற்கும். கத்திரி வெயில் காய்ச்சும் வைப்பாற்றுக் கரிசல் சீமையை ஒட்டிய ஊர்களில் இந்தக் கடைசிக் காரணத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இந்நிகழ்வைத் தமிழ் எப்படிச் சொல்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ‘அவன் சுட்டான்’ என்பதில் எழுவாய் மனிதன். ‘துப்பாக்கி வெடித்தது’ என்பதில் எழுவாய் கருவி. ‘துப்பாக்கி வெடித்துவிட்டது’ என்னும்போது, ‘விடு’ என்ற துணைவினை, எவரும் விரும்பாத ஒன்று கைமீறி நிகழ்ந்தது என்ற வருத்தத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. கருவியையே செய்பவன்போல் வைத்துச் சொல்வதை இலக்கணிகள் கருவிக்கருத்தா என்பர்; வாள் வெட்டியது என்பது போல. செய்பவனை இயற்றுதல் கருத்தா என்றும், பிறரைக்கொண்டு செய்விப்பவனை ஏவுதல் கருத்தா என்றும் பிரிக்கும் அந்த மரபு, கருவியை எழுவாயாக்குவது பேச்சின் வசதியே அன்றி உண்மையில் கருவி கருத்தா ஆகிவிடாது என்று கொள்கிறது. இருந்தும் விபத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் இந்த வசதிக்குள்தான் ஒதுங்குகின்றனர். வெடித்துவிட்டது என்று சொல்லி முடித்ததும் பேச்சிலிருந்து மனிதன் மறைந்துவிடுகிறான். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமல் போகிறது.

சைவ சித்தாந்தம் காரணங்களை மூன்றாகப் பகுக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இப்பகுப்பில் துப்பாக்கி துணைக்காரணம் என்பதில் ஐயமில்லை. மகாபாரதத்தின் அனுசாசன பருவம் தொடங்கும் இடத்தில் வரும் கௌதமியின் கதை இதே குயவனின் சக்கரத்தைக் கையிலெடுத்து வாதிடுகிறது. கௌதமி என்ற மூதாட்டியின் மகன் பாம்பு தீண்டி இறக்க, அர்ச்சுனகன் என்னும் வேடன் அந்தப் பாம்பைப் பிடித்துக் கட்டிவந்து கொல்ல அனுமதி கேட்கிறான். பாம்போ, சாவின் தெய்வமான மிருத்யு ஏவியதால் தீண்டிய தான், தண்டமும் சக்கரமும் போலத் தன்வயம் இல்லாதது என்கிறது. மிருத்யு வந்து காலத்தைக் காட்ட, காலமும் வந்து இறந்த பிள்ளையின் வினையையே காட்ட, பாம்பு விடுவிக்கப்படுகிறது. தண்டனை ஒவ்வொரு படியாகத் தள்ளிப்போய்க் கடைசியில் எவர் மீதும் விழாமல் கரைந்துபோவதே இக்கதையின் ஓட்டம். துயரத்தில் இருக்கும் தாய்க்கு அது ஆறுதல் தரலாம். ஆனால் அதை அப்படியே பழுதுபட்ட விசைக்குப் பொருத்தினால் பெருந்தீங்கு விளையும். பாம்பின் பல்லைத் திறந்து பார்த்து, அது தீண்டுமா தீண்டாதா என்று முன்கூட்டியே சோதித்து வைக்க எவராலும் இயலாது. துப்பாக்கியின் சியரைச் சோதிக்க இயலும். சோதிக்கக்கூடிய ஒன்றைச் சோதிக்காமல் விட்டவர், காலத்தின் பெயரையோ ஊழின் பெயரையோ சொல்லிக் காரணச் சங்கிலிக்கு வெளியே நிற்க முடியாது.

எண்ணமா, செயலா, எது வினை என்ற வாதத்தைப் பௌத்தமும் சமணமும் நூற்றாண்டுகளாக நடத்தின. அதன் தமிழ்க்குரலை நீலகேசியில் கேட்கலாம். பௌத்தம் சேதனை எனப்படும் மனத்தின் முனைப்பையே வினை என்று கொண்டது. இக்கொள்கையைச் சமண ஆகமமான சூத்திரகிருதாங்கம் ஒரு கூர்மையான எடுத்துக்காட்டால் தாக்குகிறது: புண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று எண்ணிக் குத்தினால் கொலைப்பாவம் சேரும், மனிதனையே புண்ணாக்கு என்று எண்ணிக் குத்தினால் சேராது என்றாகிவிடாதா என்பது அத்தாக்குதல். தாக்கிய சமணமும் வெறும் உயிரிழப்பை மட்டும் வைத்து இம்சையை அளக்கவில்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவதே இம்சை என்று வரையறுக்கிறது. பிரமாதம் என்பது கவனமின்மை, அசட்டை, உள்ளம் விழிப்பிழந்த நிலை. பொன்னூர் மலையோடு தமிழ்ச் சமணர் தொடர்புபடுத்தும் குந்தகுந்தர், தம் பிரவசனசாரத்தில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசெல்கிறார். உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் கவனமற்றவனுக்கு இம்சை உறுதி என்பதும், கவனத்தோடு நடப்பவனை வெறும் நிகழ்வு பிணிப்பதில்லை என்பதும் அவர் கருத்து. இதைத் துப்பாக்கியின் மேல் வைத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு திடுக்கிடச் செய்வது. விசை தளர்ந்திருப்பது தெரிந்தும் தோட்டா நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடப்பவர், அன்று ஒன்றும் வெடிக்காமல் வீடு திரும்பினாலும், அந்த நடையின் ஒவ்வோர் அடியிலும் இம்சை செய்தவரே ஆகிறார். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

பிரமாதம் என்ற வடசொல்லுக்குத் தமிழில் வள்ளுவர் தரும் சொல் பொச்சாப்பு. பொச்சாவாமை என்றே ஓர் அதிகாரம் வகுத்து, அதன் தொடக்கத்திலேயே, மிகுந்த மகிழ்ச்சியால் வரும் சோர்வு அளவு கடந்த சினத்தைவிடத் தீது என்கிறார். சினம் கொல்ல நினைக்கிறது, சோர்வு எதையும் நினைப்பதில்லை. பின் ஏன் சோர்வு கொடிது? சினங்கொண்டவனுக்கு எதிரி யார் என்பது தெரியும். தன் சினம் ஆறினால் கையைத் தாழ்த்தவும் அவனால் முடியும். பொச்சாந்தவனின் கையிலிருந்து புறப்படும் தீங்குக்கு இலக்கே இல்லை, ஆறுவதற்கு அங்கே சினமும் இல்லை. இரவில் தோப்புக் காவலுக்குப் போன இருவரில் முன்னே நடந்தவரின் முதுகை, பின்னே வந்தவரின் தோளில் தொங்கும் துப்பாக்கிக்கு அடையாளம் தெரியாது.

கருவி கொடுப்பது, விற்பது பற்றியும் இம்மரபுகள் பேசின. அங்குத்தர நிகாயம் இல்லறத்தார் விலக்க வேண்டிய ஐந்து வணிகங்களைச் சொல்லும்போது ஆயுத வணிகத்தை முதலில் வைக்கிறது. காஞ்சியோடு தொடர்புபடுத்தப்படும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம், கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுக்கும் இம்சாதானத்தைப் பயனற்ற பாவங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. கவனமற்ற நடத்தையையும் அதே வரிசையில் சேர்க்கிறது. வாங்கி உண்பவர் இல்லையேல் விற்பதற்காகக் கொல்பவரும் இரார் என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் காட்டும் தருக்கமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவற்றை வைத்துப் பார்த்தால், துப்பாக்கி பழுது பார்ப்பவரும் கொலைக்கருவிக்கு உயிர்கொடுப்பவர்தாமே, அவரும் பாவத்தில் பங்காளிதாமே என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஒடிந்த ஸ்பிரிங்கை மாற்றி, சுட முடியாதிருந்த துப்பாக்கியைச் சுட வைப்பவருக்கு அது ஓரளவு பொருந்தவே செய்யும். ஆனால் தானாக வெடிக்கும் துப்பாக்கியைத் தானாக வெடிக்காதபடி செய்பவரையும் அதே தட்டில் நிறுத்துவது, வேலையின் உள்ளே பார்க்காமல் பெயரை மட்டும் பார்ப்பதாகும்.

எண்ணத்துக்கும் செயலுக்கும் இடைப்பட்ட இந்தச் சிக்கல், தத்துவ நூல்களில் காண்பதைவிடத் துல்லியமாக ஒரு பொறியியல் வரலாற்றில் வெளிப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழிலர், இரு குழல்களுக்கும் ஒரே விசை போதும் என்று கருதி, முதல் இழுப்பில் ஒன்றும் இரண்டாம் இழுப்பில் மற்றொன்றும் வெடிக்கும்படி பொறிகள் செய்தனர். ஒருமுறைதான் இழுத்தோம் என்று சுட்டவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் இரு குழல்களும் வெடித்திருந்தன. பொறியைப் பிரித்துப் பார்த்தால் குறை ஏதும் இல்லை. உண்மை மெல்லத்தான் புலப்பட்டது. குண்டின் உதைப்பால் துப்பாக்கி பின்னே பாயும்போது விசை விரலைவிட்டு விலகுகிறது. தோள் அதைத் தடுத்து முன்னே தள்ள, இறுகியிருந்த விரல் மீண்டும் விசையில் மோதி, அதை இன்னொரு முறை இழுத்துவிடுகிறது. நொடியின் சிறு பகுதிக்குள் நிகழும் இந்த இரண்டாவது இழுப்பை இழுத்தவரே அறிவதில்லை. அவர் மனம் ஒருமுறை எண்ணியது. அவர் விரல் இருமுறை செய்தது. சுட்டவரும் பொய்யர் அல்லர், பொறியும் பழுதன்று.

இதற்கு அத்தொழிலர் கண்ட தீர்வுகளில் ஒன்று, அறியாமல் நிகழும் அந்த இடை இழுப்பைப் பொறியே ஏற்று வீணாக்கிவிட்டு, அதற்கடுத்து அறிந்து இழுக்கும் இழுப்புக்கு மட்டும் இரண்டாம் குதிரையை விடுவிப்பது. இன்னொன்று, உதைப்பின் அதிர்ச்சி அடங்கும் வரை இணைப்பையே துண்டித்து வைக்கும் சிறு எடைத்துண்டு ஒன்றை உள்ளே தொங்கவிடுவது. எந்த முறையாயினும், சித்தமில்லாத செயலைச் சித்தத்தோடு கூடிய செயலிலிருந்து பிரித்தறியும் வேலையை இரும்புத்துண்டு ஒன்று செய்கிறது. ஒருவன் செய்ததில் எது அவனுடையது என்று நூலோர் கேட்ட கேள்விக்கு இங்கே அரத்தாலும் சாணைக்கல்லாலும் விடை எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பொறி கெட்டால் சுட்டவருக்கு நேரும் இழப்பு, குறி தவறுவதைவிடப் பெரிது. அவர் செய்யாத செயல் அவர் கணக்கில் ஏறிவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் வைணவ மரபு இங்கே எதிர்ப்புறத்திலிருந்து ஒளி தருகிறது. அவ்வூரில் அவதரித்த பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் திருமாலின் ஆழிக்கும் சங்குக்கும் சேர்த்தே பல்லாண்டு கூறினார். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாஞ்சசன்னியத்தைத் தோழியைப் போல விளித்து ஒரு பதிகம் முழுவதும் பேசினார், திருப்பாவையில் கண்ணன் கையில் உள்ள வேலினையும் போற்றினார். சங்கு, ஆழி, கதை, வாள், சார்ங்கம் என்னும் ஐம்படை அம்மரபில் உலோகப் பொருள்கள் அல்ல, அறிவுடைய நித்தியசூரிகள். முதலாழ்வார்களையே அப்படைகளின் அம்சங்களாக வழிபடுவது வழக்கம். விசிட்டாத்துவைதம் உள்பொருளை அறிவுடைய சித்து, அறிவற்ற அசித்து, ஈசுவரன் என்று பகுக்கும்போது, இறைவனின் ஆழி சித்தின் பக்கமும் மனிதனின் ஆயுதம் அசித்தின் பக்கமும் நிற்கின்றன. இறைவன் நினைத்த மாத்திரத்தில் ஆழி புறப்படுகிறது, நினையாதபோது புறப்படுவதில்லை. அங்கே எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையில் பொறி ஏதும் தேவைப்படவில்லை, கருவியே எண்ணத்தை அறிகிறது. மனிதனின் துப்பாக்கிக்கு அந்த அறிவு இல்லை. அதன் உடையவர் சினத்தில் இருக்கிறாரா, தூக்கத்தில் இருக்கிறாரா, துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழந்தைக்குச் சோறூட்டுகிறாரா என்பது அதற்குத் தெரியாது. தெரியாத அசித்தை, தெரிந்த மனத்துக்குக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் ஒரே கண்ணி சியரின் மூக்கு குதிரையின் படியில் பதிந்திருக்கும் அந்த இடம்தான்.

இதனால் கொல்லாமை பற்றியும் ஒன்று துணியலாம். சுடாமல் இருப்பது ஒரு செயலாக, ஒரு விரதமாக மதிக்கப்பட வேண்டுமானால், சுடவும் சுடாமலிருக்கவும் இயன்ற நிலை முதலில் வேண்டும். கண்ணெதிரே பன்றி நிற்க, விரலை விசையிலிருந்து எடுத்துத் துப்பாக்கியைத் தாழ்த்தும் உழவரின் அந்தக் கணத்தில் அருள் இருக்கிறது. தாழ்த்திய துப்பாக்கி தரையில் தட்டி வெடித்தால் அந்த அருளும் சேர்ந்தே களவு போகிறது. கெட்ட விசை கொலையை மட்டும் தானாகச் செய்வதில்லை. கொல்லாமையையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. ஆகவே விசைப்பொறியைச் செவ்வையாகத் திருத்துபவர், கொலைக்கு எவ்வளவு துணைநிற்கிறாரோ அதைவிடக் கூடுதலாகக் கொல்லாமைக்குத் துணைநிற்கிறார் என்பதே பொருத்தமான முடிவு. சமணத்தின் கண்டிப்பான நோக்கில் இது சலுகை மிகுந்த முடிவாகத் தோன்றலாம். ஆனால் உமாசுவாதியின் வரையறையோடு இது முரண்படவில்லை.

சட்டமும் இப்பணியின் பாரத்தை உணர்ந்தே வைத்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஐந்தாம் பிரிவில், துப்பாக்கி செய்வதையும் விற்பதையும் போலவே பழுது பார்ப்பதையும் உரிமம் இன்றிச் செய்யலாகாது என்று ஒரே தொடரில் அடக்குகிறது. விபத்தைப் பற்றிய பழைய தண்டனைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 18-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதன் எடுத்துக்காட்டு ஒரு கோடரி. வேலை செய்துகொண்டிருப்பவரின் கைக்கோடரியின் தலை கழன்று பறந்து அருகில் நின்றவரைக் கொன்றால், உரிய எச்சரிக்கையில் அவர் குறை வைக்கவில்லையெனில் அச்செயல் குற்றமாகாது. விவிலியத்தின் உபாகமமும் காட்டில் மரம் வெட்டும்போது காம்பிலிருந்து கழன்று அயலானைக் கொன்ற கோடரியைப் பற்றிப் பேசி, அவ்வாறு கொன்றவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடி உயிர் பிழைக்கலாம் என்கிறது. இங்கிலாந்திலோ, மனிதனைக் கொன்ற வண்டியையும் பொருளையும் அரசுக்குப் பறிமுதல் செய்யும் வழக்கம் 1846 வரை நீடித்தது. எய்தவன் இருக்க அம்பை நோகும் முறையை ஒரு நாடே சட்டமாக வைத்திருந்தது. இந்தியச் சட்டம் அம்பையும் நோகவில்லை, எய்தவனை மட்டும் தேடவுமில்லை. காம்பு தளர்ந்திருந்ததா, அதைப் பார்த்தீரா என்று கேட்கிறது. அந்தக் கேள்வி குந்தகுந்தரின் கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது.

பார்த்தீரா என்ற கேள்விக்கு விடை சொல்லத்தக்கவர், உடையவரைக் காட்டிலும் பொறியைத் திறந்து பார்த்தவரே. அவர் வேலையில் ஓர் ஆசை ஒளிந்திருக்கிறது: விசையை இலகுவாக்கித் தருமாறு உடையவர் கேட்பார், இலகுவான விசை கைக்குச் சுகமாக இருக்கும். முன்விசைக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமலும், உதைப்பைத் தாங்கவேண்டிய பின்விசைக்கு அதனினும் சற்றுக் கூடுதலாகவும் இழுப்பு இருப்பது நெடுநாள் வழக்கம். ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குக் கீழே போகும்படி சியரின் மூக்கை அராவிக் கொடுப்பது எளிது. ஆனால் அந்த மூக்கின் மேற்பரப்பு மட்டுமே பதப்படுத்திக் கடினமாக்கப்பட்டது. மெல்லிய அத்தோலை அரம் தாண்டிவிட்டால் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு வெளிப்பட்டு, சில மாதங்களில் தேய்ந்து, மறைவாக ஒரு விபத்தை வளர்க்கத் தொடங்கும். திருத்தியவர் கொடுத்த நாளில் துப்பாக்கி நன்றாகவே வேலை செய்திருக்கும். கேட்டதைச் செய்து கொடுத்தேன் என்ற சொல், மிருத்யுவைக் காட்டிய பாம்பின் சொல்லிலிருந்து வேறுபட்டதன்று. இந்த இடத்தில் மறுப்பதும் பழுது பார்ப்பதன் ஒரு பகுதியே. செப்பம் செய்ய இயலாத அளவு தேய்ந்த துப்பாக்கியை இனி தோட்டா நிரப்பத்தகாதது என்று சொல்லித் திருப்பித் தருவதும் அப்படியே.

ஆயுத பூசைக்கு முந்திய நாட்களில் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிட்டு, குழலில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அரிவாள், மண்வெட்டி, கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வரிசையில் வைக்கும் வழக்கம் உரிமத்துப்பாக்கி உள்ள வீடுகளில் உண்டு. துடைப்பதோடு நின்றுவிடாமல் பொறியை ஒருமுறை பார்க்கச் செய்வதும் அப்பூசையின் உறுப்பாக வேண்டும். கருவியை வணங்குவது என்றால் அது எதைச் செய்யக்கூடும் என்பதை மறவாதிருப்பதே முதன்மை, சந்தனம் அதற்கு அடுத்தது. திருத்திய துப்பாக்கியைச் சோதிக்கும் முறை இந்நோக்கில் வழிபாட்டின் ஒழுங்கை நினைவூட்டுவது. குழல்களை மடக்கி இரண்டும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, மருந்தில்லாத பொய்த்தோட்டாக்கள் இரண்டு உள்ளே இடப்படுகின்றன. குழல்கள் மூடப்படுகின்றன. கட்டையின் அடிப்புறம் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் ஒருமுறை, மறுமுறை, மூன்றாம் முறை உறுதியாகத் தட்டப்படுகிறது. ஓசை எதுவும் வரக்கூடாது. பிறகு முன்விசை மட்டும் மெதுவாக இழுக்கப்பட, வலக்குதிரை விழும் ஒற்றைச் சொடுக்கு ஒலிக்கிறது. உடனே கட்டை மீண்டும் தட்டப்படுகிறது. இடக்குதிரை தன் படியை விடாமல், விரலுக்காகக் காத்து நிற்கிறது.